பணியிடைப் பருவத்தில் பட்டமேற்படிப்பு: ஆசிரியர் ஆய்வாளராதல்

மலேசியாவில் தமிழ்மொழி, இலக்கியம், இந்தியவியல் ஆகிய துறைகளில் முதுகலை, முனைவர்ப் பட்டங்களுக்குப் பதிந்துகொள்வோருள் பள்ளி ஆசிரியர்களின் பங்கு பெரிது. இளங்கலை முடித்த கையோடு வருவோர் ஒருபுறம் இருக்க, பதினைந்து இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்னர், நாற்பது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் மாணவராய் வந்து அமர்வோர் மறுபுறம் உள்ளனர். இவ்விரண்டாம் பிரிவினரைப் பற்றியதே இக்கட்டுரை. இவர்களுள் சிலர் ஆய்வை ஆர்வத்தோடு தொடங்கி இடையில் விட்டுவிடுவதை நெறியாளர் பலரும் கண்டிருப்பர். வயதும் நேரமின்மையுமே அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவை பொய்க்காரணங்கள் அல்ல. ஆயினும் முதற்காரணங்களும் அல்ல என்பதே எம் கருத்து. பல்லாண்டு விடை சொல்லிப் பழகிய ஒருவர் வினா எழுப்புபவராக மாறுவதில்தான் இடர்ப்பாடு உள்ளது. அம்மாற்றத்திற்குத் துணைசெய்யும் வகையில் நம் துறைகளின் நெறிப்படுத்துகை அமையாததும் அவ்விடரைப் பெரிதாக்குகிறது.

வயதும் கற்றலும்

வயது பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நன்று. புதியதொரு சிக்கலை விரைந்து தீர்க்கும் ஆற்றலையும், கற்றும் பட்டும் சேர்த்த அறிவைக் கையாளும் ஆற்றலையும் வேறுபடுத்திக் காட்டிய உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் ஆவார். முன்னது இளமையிலேயே உச்சத்தை எட்டிப் படிப்படியாகக் குறைவது. பின்னது நடுவயதிலும் அதற்கு அப்பாலும் நிலைத்து நிற்பது. வார்னர் ஷை என்பார் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் தொடங்கிய நெடுங்கால ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது. வினைவேகம் முன்னதாகவே தளரினும், சொல்லாற்றல், காரணங்காணும் ஆற்றல் முதலானவற்றில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி பெரும்பாலோர்க்கு அறுபது வயதை ஒட்டியே தொடங்குகிறது என்பது அவர்தம் முடிவு. இலக்கிய ஆய்வும் மொழிக்கல்வி ஆய்வும் வேகப் போட்டிகள் அல்ல. நாற்பத்தைந்து வயது ஆசிரியர் ஒருவர் ஒரு நூலை இளையவரைவிட மெல்லப் படிக்கலாம். படித்ததைப் பொருத்திப் பார்க்க அவரிடம் உள்ள அனுபவம் இளையவரிடம் இராது.

முதியோர் கற்றல் கோட்பாட்டைப் பரவலாக்கிய மால்கம் நோல்ஸ் இங்கு நினைக்கத் தக்கவர். வளர்ந்தோர் தம் அனுபவத்தைக் கற்றலின் மூலவளமாகக் கொண்டுவருவர். வாழ்வில் எதிர்ப்படும் சிக்கலைச் சார்ந்தே கற்க விழைவர். தம் கற்றலைத் தாமே நடத்திக்கொள்ள விரும்புவர் என்பன அவர் கொள்கையின் கூறுகள். இக்கோட்பாட்டை நம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் மனப்பாடம் செய்தவர் பலர். நோல்ஸ் வயதுவந்தோர் கல்விப் பணிகளில் நெடுங்காலம் உழைத்த பின்னர், 1960இல் நாற்பத்தாறு வயதளவிலேயே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர்ப் பட்டம் பெற்றார் என்பதை அறிந்தவர் குறைவு.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று தனிநாயக அடிகள். 1913இல் பிறந்த அவர், நெல்லைப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியாற்றிய பின்னரே, 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகவும் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழின் ஆசிரியராகவும் இருந்த நிலையில், நாற்பதைக் கடந்த பருவத்தில், இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர்ப் பட்ட ஆய்வை மேற்கொண்டார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததும் அதன் பின் நிகழ்ந்தவை. அவருடைய இலண்டன் ஆய்வு பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனையைப் பற்றியது. ஆசிரியராய், ஆசிரியர்க்குக் கற்பிப்பவராய் அவர் வாழ்ந்த வாழ்விலிருந்து எழுந்த வினாவையே பழைய நூல்களிடம் கொண்டுசென்றார் என நாம் கொள்வதில் பிழையில்லை. தொழிலும் ஆய்வுப் பொருளும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நிலை அது. நம் ஆசிரியர் பலருக்கு இந்த இணைப்பு வாய்ப்பதில்லை.

விடையிலிருந்து வினாவுக்கு

ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியரிடம் எதை ஆராய விரும்புகிறீர் என வினவினால், இருவகை மறுமொழிகள் கிடைப்பது வழக்கம். ஒருவகையினர் சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒன்று, திருக்குறளில் ஏதேனும் ஒன்று என்பர். தம் அன்றாடப் பணிக்குத் தொடர்பில்லாத, தமிழகத்தில் பன்முறை ஆராயப்பட்ட பொருளே ‘உயர்ந்த’ ஆய்வு என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. இவ்வெண்ணத்தை வளர்த்ததில் நம் துறைகளுக்கும் பங்குண்டு. மற்றொரு வகையினர் தம் பள்ளியைப் பற்றியே பேசுவர். ஆனால் வினாவாக அன்று, முடிந்த முடிபாகப் பேசுவர். “நம் பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு தெரியவில்லை, உச்சரிப்புச் சரியில்லாததே காரணம், இதை நிறுவ வேண்டும்” என்பது அத்தகைய கூற்றுகளில் ஒன்று.

இக்கூற்றைச் சற்று விரித்துக் காண்போம். இருபது ஆண்டுகள் கட்டுரைப் பயிற்சி நூல்களைத் திருத்திய ஒருவரின் கூற்று இது, புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் இதில் நிறுவுவதற்கென எதுவும் எஞ்சவில்லை. காரணம் முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. நெறியாளர் செய்ய வேண்டியது இக்கூற்றை மறுப்பதன்று, இதனுள் மறைந்துள்ள வினாக்களை வெளிக்கொணர்வது. எந்த எழுத்துக்கு மாற்றாக எந்த எழுத்து வருகிறது? எல்லாச் சொற்களிலுமா, சில சொற்களில் மட்டுமா? தன்னியல்பாய் எழுதும் கட்டுரையிலா, சொல்வதெழுதுதலிலா?

இங்கே எண்ணுவது எவ்வாறு என்பதே முதற் பாடமாகிறது. எடுத்துக்காட்டுக்காக எண்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்தாம் ஆண்டு மாணவரின் நாற்பது கட்டுரைகளில் லகரப் பிழைகள் 60, ழகரப் பிழைகள் 30 எனக் கொள்வோம். சிவப்பு மையைக் கொண்டு கணித்தால் லகரமே பெரிய சிக்கல். ஆனால் அக்கட்டுரைகளில் லகரம் வரவேண்டிய இடங்கள் 1500 என்றும் ழகரம் வரவேண்டிய இடங்கள் 120 என்றும் இருந்தால், லகரத்தில் நூற்றுக்கு நான்கு இடங்களிலும் ழகரத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களிலும் பிழை நேர்ந்துள்ளது. பிழையை மட்டும் எண்ணாமல், பிழை நேர வாய்ப்பிருந்த இடங்கள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும். இளைய மாணவர் இதனைப் புள்ளியியல் வகுப்பில் ஒரு விதியாய்க் கேட்டுக்கொள்வர். ஆசிரியருக்கோ இருபது ஆண்டுகள் தாம் நம்பிய ஒன்று அசைந்து கொடுக்கும் இடம் இது. அவரை இந்த இடத்தில் நிறுத்திச் சிந்திக்கச் செய்வதற்கு ஒரு பருவம் முழுவதும் செலவாயினும் தகும்.

அடுத்த படி காரணம் பற்றியது. உச்சரிப்பே காரணம் என்றால், ழகரத்தை ஒலிக்க இயலாத மாணவர் ‘தமிழ்’, ‘எழுத்து’, ‘கிழமை’, ‘செழிப்பு’ ஆகிய எல்லாச் சொற்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தவறுதல் வேண்டும். கண்ணால் கண்டு பழகிய அளவே காரணம் என்றால், பாடநூலின் பக்கந்தோறும் காணும் ‘தமிழ்’, ‘எழுத்து’ ஆகியவற்றில் பிழை அருகியும், அருகிக் காணும் ‘செழிப்பு’ போன்றவற்றில் பெருகியும் வரும். இரண்டு விளக்கங்களும் இருவேறு விளைவுகளை முன்னறிவிக்கின்றன. எது உண்மை என்பதைக் கட்டுரைகளே சொல்லும். ‘அவள்’ என்பதை ‘அவழ்’ என எழுதும் பிள்ளையும் உண்டு. அது அறியாமையன்று, ழகரம் என ஒன்று உண்டு என்பதை அறிந்து, அதை மிகையாகப் பயன்படுத்தும் நிலை. திருத்தும்போது இரண்டுக்கும் ஒரே வட்டம் இடப்படுகிறது. ஆய்வில் இரண்டும் வேறு வேறு. இத்தகைய நுட்பத்தை எளிதில் கண்டுகொள்பவர் வகுப்பறையில் நின்றவரே. அவரைத் திருக்குறளுக்கு அனுப்பிவிட்டு, பயிற்சி நூலைத் திருத்தியே அறியாத ஒருவரிடம் இவ்வாய்வை நாம் ஒப்படைத்து வருகிறோம்.

ஆசிரியரே தம் வகுப்பறையின் ஆய்வாளர் ஆதல் வேண்டும் என்னும் கருத்தை இங்கிலாந்துக் கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளிவந்த கலைத்திட்டம் பற்றிய தம் நூலில் வலியுறுத்தினார். நம் ஆசிரியர்கள் ‘செயலாய்வு’ என்னும் பெயரில் இதன் ஒரு சிறு வடிவத்தை ஏற்கெனவே அறிவர். ஆனால் பள்ளிகளில் அது பெரும்பாலும் படிவம் நிரப்பும் கடமையாய்ச் சுருங்கிவிட்டது.

நினைவும் சான்றும்

நடுவயதில் திரும்பும் ஆசிரியரின் பெருஞ்செல்வம் அவர் கண்டவை. 1990களின் நடுவில் பணியில் சேர்ந்த ஒருவர் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும், 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியதையும், பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டதையும், 2011இல் புதிய கலைத்திட்டம் வந்ததையும், 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்டதையும், யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டதையும் தம் வகுப்பில் நின்றே கண்டவர். கொள்கை ஆவணங்களைப் படித்தறிவது எவர்க்கும் இயலும். ஒரு தோட்டப்புறப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்க்கு ஆங்கிலத்தில் பெருக்கல் கற்பித்த காலைப்பொழுது எவ்வாறிருந்தது என்பது ஆவணத்தில் இல்லை.

ஆனால் நினைவு தானே சான்றாகிவிடாது. “அக்காலத்தில் பெற்றோர் அக்கறை காட்டினர், இக்காலத்தில் காட்டுவதில்லை” என ஆய்வேட்டில் எழுதிவிட்டு, எமது அனுபவம் என அடிக்குறிப்பிடுவது செல்லாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அறிக்கைகளில் வருகையாளர் எண்ணிக்கை இருக்கும். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழிலும் முகவரியும் இருக்கும். தோட்டத்து வீட்டு எண் மறைந்து தாமான் வீட்டு முகவரி தோன்றும் ஆண்டு எது என்பதைக் கொண்டே ஒரு தோட்டம் கலைந்த கதையைச் சொல்லிவிடலாம். தலைமையாசிரியரின் நாட்குறிப்பு, நாட்பாடத் திட்ட ஏடுகள், பழைய தேர்வுத் தாள்கள், பரிசளிப்பு விழா மலர்கள் ஆகியவை யாவும் இவ்வாறு பயன்படும். நினைவு எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்கிறது. தேடிக் கண்டது சான்றாகிறது.

இவ்விடத்தில்தான் காலம் நம்மை நெருக்குகிறது. தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்னும் தொழிலாளர் சட்ட விதியால் தோன்றிய பள்ளிகள் பல. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது பலரும் எடுத்தாளும் கணக்கு. இன்று இருப்பவை ஐந்நூற்றுக்குச் சற்று மேல். மூடப்பட்டவையும் இணைக்கப்பட்டவையுமான முந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் ஏடுகள் எங்கே? சில, இணைந்த பள்ளியின் கிடங்கில் இருக்கலாம். பல, கரையானுக்கும் நெருப்புக்கும் போயிருக்கும். எஞ்சியவை எந்த அலமாரியில் உள்ளன என்பதை அறிந்தோர் இப்போது ஐம்பது வயதை ஒட்டியுள்ள ஆசிரியர்கள். இவர்கள் ஓய்வுபெற்ற பின்னர் அந்த அலமாரியின் பயனை அறிவார் இரார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு நெகிழ்வட்டுகளில் உறங்கும் வினாத்தாள்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருளில் நம் ஆசிரியர்கள் தட்டச்சிடக் கற்ற காலத்துக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதே ஒரு முதுகலை மாணவரின் முதல் ஆறுமாத வேலையாக அமையலாம். அதனை வேலையென மதிக்கும் நெறியாளர் வேண்டும்.

உள்ளிருந்து ஆராய்தல்

தம் பள்ளியையே ஆராய்வதில் இடர்களும் உள. தலைமையாசிரியர் ஒருவர் தம் கீழ்ப் பணியாற்றும் ஆசிரியர்களிடம் வினாநிரல் வழங்கி, பள்ளித் தலைமைத்துவம் பற்றிக் கருத்துக் கேட்டால் என்ன விடை வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் எழுத வேண்டா என்பதால் மட்டும் இது தீராது. பத்து ஆசிரியர் உள்ள பள்ளியில் கையெழுத்தே பெயர். இத்தகையோர் வேறு பள்ளியைக் களமாகக் கொள்வதோ, மனிதரை விடுத்து ஏடுகளை ஆராய்வதோ தக்கது. பள்ளியில் களப்பணி செய்யக் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவிடமும் மாநிலக் கல்வி இலாகாவிடமும் இசைவு பெறுதல் வேண்டும். “என் பள்ளிதானே, எதற்கு இசைவு” என்னும் எண்ணமே ஆசிரியர்களிடம் மிகுதி. அவர் அங்கு ஆசிரியராக நுழையும் உரிமையும் ஆய்வாளராக நுழையும் உரிமையும் வேறு என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுவது நலம்.

நன்னூல் ஆசிரியர்க்கு ஓர் இலக்கணமும் மாணாக்கர்க்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே வகுத்துள்ளது. ஒருவரே காலையில் முன்னதாயும் மாலையில் பின்னதாயும் நிற்க நேரும் நிலை நம் காலத்துக்கு உரியது. நாம் முனைவர்ப் பட்டம் பயின்ற அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நரைத்த தலையுடன் வந்து அமரும் மாணவர் எவர் கண்ணையும் ஈர்த்ததில்லை. நம் நாட்டு வகுப்புகளில் இளையோர் அவரை ‘சார்’ என்றும் ‘டீச்சர்’ என்றும் அழைத்து முன்வரிசை நாற்காலியை ஒழித்துத் தருகின்றனர். சிலவேளை நெறியாளரே அவரிடம் எழுத்துக் கற்ற பழைய மாணவராய் இருப்பார். இந்த மரியாதை நம் பண்பாட்டின் அழகு என்பதில் ஐயமில்லை. எனினும் மரியாதையின் பெயரால் இயல் ஒன்றைத் திருத்தாமல் திருப்பித் தருவது அவர்க்குச் செய்யும் தீங்கு. அன்று தப்பிய பிழை வாய்மொழித் தேர்வில், அயலார் முன்னிலையில், பிடிபடும். “ஐயா, இந்த இயலில் வினா இல்லை” என்பதைப் பணிவோடும் சொல்லலாம். சொல்லாமல் விடுவது பணிவாகாது.

எழுத்துநடை குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியரின் நடை அறிவுறுத்தும் நடை. ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘கடமையாகும்’ என வாக்கியங்கள் முடியும். ஆய்வேட்டின் முதல் வரைவில் இவ்வினைமுற்றுகளை அடிக்கோடிடச் செய்து, ஒவ்வொன்றுக்கும் சான்று உண்டா என வினவுவதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம். பெரும்பாலானவை பரிந்துரை இயலுக்கு இடம்பெயரும், சில நீங்கும். ஆய்வுச் சுருக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத முற்படுகையில் மற்றவையும் தாமாகவே வெளிப்படும். பிறமொழியில் சொல்லிப் பார்க்கும்போது பொருளற்ற வாக்கியம் ஒளிந்துகொள்ள இடமில்லை.

காலக் கணக்கு

நேரமின்மை பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. புறப்பாட நடவடிக்கை, விளையாட்டுப் போட்டி, பள்ளித் தணிக்கை, பிள்ளைகளின் தேர்வு, முதிய பெற்றோரின் மருத்துவமனை என அனைத்தும் இருக்கவே செய்யும். ஆசிரியைகளுக்கு இச்சுமை இருமடங்கு என்பதையும், வீட்டார் அதனைச் சுமையென எண்ணுவதில்லை என்பதையும் நாம் அறிவோம். கல்வி அமைச்சின் உபகாரச் சம்பளத்தோடு முழுநேர விடுப்புப் பெறுவோர் சிலரே. ஏனையோர் பகுதிநேரமாகவே பயில்கின்றனர். பள்ளி விடுமுறையில் மொத்தமாக எழுதிவிடலாம் என்னும் திட்டம் பெரும்பாலும் பலிப்பதில்லை. விட்ட இடத்தை நினைவுகூரவே முதல் வாரம் போய்விடும். வாரத்திற்கு இரு மாலைகள் என்றாலும் விடாது தொடர்வோரே ஆய்வேட்டை ஒப்படைக்கின்றனர்.

காலக் கணக்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துள்ளதை ஆசிரியர் பலர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அரசுப் பணியாளரின் கட்டாய ஓய்வு வயது 2001இல் 55இலிருந்து 56ஆகவும், 2008இல் 58ஆகவும், 2012இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. நாற்பத்தைந்து வயதில் பதிந்து ஐம்பது வயதில் முனைவராகும் ஒருவர்க்கு முன்னர் ஐந்தாண்டுப் பணியே எஞ்சியிருந்தது. இன்றோ, அறுபது வரை பணியாற்றத் தெரிவு செய்தவர்க்குப் பத்தாண்டுகள் உள. பதவி உயர்வுக்காக மட்டும் பயில்வோர்க்கு இக்கணக்கு ஒரு பொருட்டு. தம் மாவட்டத்துப் பள்ளிகளின் ஏடுகளைத் திரட்டி வரிசைப்படுத்த விரும்புவோர்க்கு இது அதனினும் பெரிய பொருட்டு. உள்ளே இருக்கும்வரைதான் அலமாரிச் சாவி கையில் இருக்கும்.

இதனை முன்னிட்டு, சேர்க்கை நேர்காணலுக்கு வரும் ஆசிரியர்களிடம் கடந்த சில ஆண்டுகளாக நாம் ஒரு வேண்டுகோள் வைத்து வருகிறோம். ஆய்வுத் தலைப்பை எழுதிக்கொண்டு வர வேண்டா. தம் பணியில் இன்னும் விடை தெரியாத ஒன்றையும், அது குறித்துத் தம் பள்ளியில் எழுத்தில் உள்ள ஏதேனும் ஒரு சான்றின் பெயரையும் குறித்துவந்தால் போதும் என்கிறோம். முதல் பகுதிக்கு விடையாகப் பெரும்பாலோர் முடிந்த முடிபுகளையே எழுதி வருகின்றனர். இரண்டாம் பகுதிக்கு வரும் விடைகளே நேர்காணலை நீளச் செய்கின்றன.